முதலில் தண்ணீர், பிறகு தோல்: பழைய காரின் ஒழுகும் சன்ரூஃபும் தேய்ந்த இருக்கைகளும்

2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது, தோலுக்குப் பேர்போன ஆம்பூரும் வாணியம்பாடியும் அதனோடு வந்தன. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தோடும், மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும் புதிய ராணிப்பேட்டை மாவட்டத்தோடும் நின்றன. எல்லைகள் மாறினாலும் பாலாற்றுப் படுகையின் இந்த ஊர்களுக்குத் தொழில் ஒன்றுதான். இங்கே பதனிட்ட தோலும் இங்கே தைத்த ஷூவும் கடல் கடந்து போகின்றன.

அதே ஊர்களில், பத்து வயதான காரின் சீட் உரிந்துபோனால் உரிமையாளருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டே. மேலே ஒரு ரெக்சின் கவரைப் போட்டு மூடு. சன்ரூஃப் ஒழுகினால் சிலிக்கான் பசையால் அடை. இரண்டும் நோயை மறைக்குமே தவிர ஆற்றாது. ஒழுகும் கூரை, கெட்டுப்போன உட்புறம் ஆகிய இரண்டையும் எப்படிக் கண்டறிவது, எந்த வரிசையில் சரிசெய்வது, எந்தப் பொருளால் சரிசெய்வது, தோல் நகரங்களின் திறமை இதற்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்ற கேள்விகளை இந்தக் கட்டுரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

ஏன் இப்போது?

ஒரு காலத்தில் சன்ரூஃப் பணக்காரர் காரின் அடையாளம். 2014 ஜனவரியில் வந்த ஹோண்டா சிட்டியும், 2015-இல் மாற்றிப் புதுப்பித்த மஹிந்திரா எக்ஸ்யூவி 500-உம், 2018-இல் ஹூண்டாய் கிரெட்டாவும் அதை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. 2023-இல் ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய கார்களிலேயே அது வந்துவிட்டது. முதல் அலையில் விற்ற கார்கள் இன்று இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஊர்களுக்கு இரண்டு பெருநகரங்களின் பழைய கார்களும் வந்து சேர்கின்றன. வாரண்டி முடிந்த இந்த வண்டிகளின் கூரைப் பிரச்சினை இனி உள்ளூர்ப் பட்டறைகளின் வாசலுக்குத்தான் வரும்.

இங்குள்ள பருவநிலையும் இதற்குத் துணைபோகிறது. வேலூர் வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சூட்டில் ரப்பர் இறுகும், பசை இளகும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும்; சாலையோரப் புளிய மரங்களின் பொடி இலை ஆண்டில் பல மாதம் உதிரும். நிழல் தேடி மரத்தடியில் நிறுத்திய காரின் கூரை இடுக்குகளில் இவையெல்லாம் போய்ச் சேரும். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவத்தின் மாலை நேர இடிமழை வரும். அடுத்து வடகிழக்குப் பருவம். பழுது வெளியே தெரியவருவது அப்போதுதான்.

கூரைக்குள் ஒரு வடிகால்

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் தண்ணீரை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அந்த ரப்பருக்கு அப்படிப்பட்ட வேலையே கிடையாது. பெருமளவு தண்ணீரை அது வெளியே தள்ளும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே நுழையும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நுழைந்த தண்ணீரைக் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஓடும் ஒரு தட்டு வாங்கிக்கொள்ளும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பும். முன்பக்கக் குழாய்கள் விண்ட்ஷீல்டின் இருபுறமும் உள்ள பில்லர் வழியாக இறங்கி முன்கதவுக் கீல் அருகே வெளியேறும். பின்பக்கக் குழாய்கள் பின்பில்லர் வழியாகப் பின்சக்கரத்தின் பக்கம் இறங்கும். சில மாடல்களில் வழி சற்று மாறும், தத்துவம் மாறாது.

வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொண்டால் போதும். மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக்கொண்டால் மாடியில் தண்ணீர் தேங்கும், பிறகு சுவரில் ஊறும். அங்கே நாம் முதலில் குழாயைத்தான் பார்ப்போம். காரில் மட்டும் குழாயை விட்டுவிட்டு ரப்பரைக் குறைசொல்கிறோம்.

இது உலகம் முழுவதும் நடக்கும் பழுது. சன்ரூஃப் வடிகாலில் இலைதழை அடைத்துக்கொண்டு காருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அமெரிக்காவில் வோக்ஸ்வாகன், ஆடி உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2012-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. குளிர்நாட்டு மேப்பிள் இலை செய்வதை இங்கே புளிய இலை செய்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காருக்குள் ஈரம் கண்டால் சன்ரூஃப்தான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. உள்ளே தேங்கும் தண்ணீருக்குக் குறைந்தது ஐந்து ஊற்றுக்கண்கள் உண்டு.

ஏசி ஓடும் நாளில் மட்டும், மழையே இல்லாமல், முன்காலடி நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கதவின் அடிப்பக்கம் நனைந்தால் கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாள் பிரிந்திருக்கலாம். கண்ணாடி மாற்றிய காரில் டேஷ்போர்டு ஓரம் நனைந்தால் விண்ட்ஷீல்டின் பசையில் குறை இருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கின் ரப்பர், ஆன்டெனாவின் அடிப்பகுதி, பின்பக்க வடிகுழாய் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். கூரை விளக்கைச் சுற்றியோ பில்லர் அட்டையிலோ கறை படர்ந்திருந்தால்தான் சந்தேகம் சன்ரூஃப் மேல் வலுக்கிறது.

இன்னொரு நல்ல அடையாளம், மழை விட்ட பிறகு பிரேக் பிடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ தலைமேல் திடீரென்று தண்ணீர் கொட்டுவது. தட்டில் நீர் தேங்கி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும். தேங்கிய நீர் பின்பக்கம் ஓடும். இறங்கும்போது முன்னே வரும். எந்தச் சரிவில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கவனித்தாலே எந்தக் குழாய் அடைத்தது என்று ஊகிக்கலாம்.

உறுதிப்படுத்தும் சோதனைக்குச் செலவே இல்லை. கண்ணாடியைத் திறந்து, தட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். சில நொடிகளில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அருகே தரையில் நீர் சொட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. மூலையில் நீர் நின்றால் அடைப்பு. நீர் மறைந்துவிட்டது, தரையிலும் சொட்டவில்லை என்றால் குழாய் உள்ளே கழன்றுவிட்டது. அப்போது ஊற்றுவதை உடனே நிறுத்த வேண்டும்.

நான்கு வைத்தியங்கள்

பட்டறைகளில் நான்கு வகை வைத்தியம் சொல்கிறார்கள்.

முதலாவது, கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசி நிரந்தரமாக மூடிவிடுவது. செலவு குறைவு என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். வெயிலில் கண்ணாடியும் தகடும் வேறுவேறு அளவில் விரிந்து சுருங்கும்; நாளாவட்டத்தில் பசையில் விரிசல் விழும். அதன் வழியே நுழையும் நீருக்கு அடைத்த வடிகால் வழிவிடாது. பின்னாளில் முறையாகப் பழுதுபார்க்க வருபவருக்கு அந்தப் பசையைச் சுரண்டுவதே பெரிய வேலையாகிவிடும். இந்த வழியை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, பீடிங்கை மாற்றுவது. ரப்பர் வெடித்திருந்தாலோ தட்டையாக அமுங்கியிருந்தாலோ இது தேவை. கண்ணாடி கூரைமட்டத்துக்கு மேலோ கீழோ நின்றால் அதன் உயரத்தைச் சரிசெய்யும் திருகுகள் உண்டு; புதிய ரப்பர் வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. வடிகாலைச் சுத்தம் செய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றினால் காசு வீண்.

மூன்றாவது, வடிகாலைச் சுத்தம் செய்வது. பெரும்பாலான பழைய கார்களுக்கு இதுவே மருந்து. புல்வெட்டும் எந்திரத்தில் போடும் தடித்த நைலான் நரம்பை மேலிருந்து மெதுவாக உள்ளே விட்டு அடைப்பைத் தளர்த்தலாம். இரும்புக் கம்பி கூடாது, குழாயைக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் கம்பிரஸரின் முழு வேகக் காற்றையும் அடிக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் குழாய் தட்டின் மூலையிலிருந்து கழன்றால், சிறிய வேலை கூரை அட்டையையே இறக்கும் வேலையாகிவிடும். பல கார்களில் குழாயின் கீழ்முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அடைப்பு அங்கேதான் அதிகம். சேறு காய்ந்து அதன் பிளவை ஒட்டியிருக்கும்.

நான்காவது, சன்ரூஃப் சட்டம் முழுவதையும் மாற்றுவது. தட்டே வெடித்திருந்தாலோ கண்ணாடி நகரும் தண்டவாளம் உடைந்திருந்தாலோ தவிர இது வேண்டாம். மற்ற மூன்றையும் பார்க்காமல் நேரே இதற்கு மதிப்பீடு தரும் இடத்தில் இரண்டாவது கருத்து கேட்பது உரிமையாளரின் உரிமை.

ஈரம் உள்ளே செய்யும் வேலை

ஒழுகல் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. காரின் தரைவிரிப்பு மேலே காய்ந்து தெரியும். அடியிலுள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சை வாடை அங்கிருந்துதான் வருகிறது. வாசனை டப்பா வைப்பதால் அது போகாது. சீட்டுகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, அடிப்பஞ்சை வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். பல கார்களில் முக்கிய வயர்க்கட்டுகள் விரிப்புக்கு அடியில் ஓடுகின்றன. கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்தால் காரணம் புரியாத எச்சரிக்கை விளக்குகள் எரியத் தொடங்கும். தரைத் தகடும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கூரை லைனிங் தொங்குவதற்கு ஈரத்தோடு வெப்பமும் காரணம். அச்சில் வார்த்த அட்டைமேல் மெல்லிய ஃபோமும் அதன்மேல் துணியும் ஒட்டியிருக்கும். ஆண்டுகள் போனால் அந்த ஃபோம் மாவாக உதிரும். உதிரும் ஃபோமின் மேல் பசை தடவி அழுத்துவதால்தான் சில வாரத்தில் லைனிங் மறுபடி தொங்குகிறது. அட்டையை இறக்கி, பழைய ஃபோமைத் தேய்த்து அகற்றி, வெப்பம் தாங்கும் பசை தெளித்து, ஃபோம் பிணைத்த புதுத் துணியை ஒட்டினால் அது நிலைக்கும்.

பழைய கார் வாங்குபவர்கள் ஒழுகிய காரையும் வெள்ளத்தில் மூழ்கிய காரையும் பிரித்தறிய வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2021 நவம்பரில் பாலாற்றிலும் வந்த வெள்ளத்தை இந்தப் பகுதி மறக்காது. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் வெள்ளம் நின்ற கோடு தெரியும். சீட் போல்ட்டுகளின் துருவும் பேசும். சன்ரூஃப் ஒழுகலை ஆற்றலாம். டேஷ்போர்டு வரை மூழ்கிய காரை வாங்காமல் இருப்பதே அறிவு.

ரெக்சினா, தோலா?

‘லெதர் சீட்’ என்று விற்ற பல கார்களில் இருப்பது தோலே அல்ல. துணிமேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். இந்த இரு பூச்சுகளும் கெடும் விதம் வேறு. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் வெளியேறியதும் அது இறுகி வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தால் சிதைந்து செதில்செதிலாக உரியும். இரண்டுக்குமே நல்ல மராமத்து கிடையாது. அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவதுதான் வழி.

நிஜத் தோலாக இருந்தால் நிலைமை நம்பிக்கை தரும். காரில் வரும் தோலின்மேல் நிறப்பூச்சும் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் உண்டு. ஏறி இறங்கும்போது உரசும் ஓரத்தில் முதலில் தேய்வது இந்தப் பூச்சுதான். அடியிலுள்ள தோல் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். அழுக்கைத் துடைத்து, சிறு வெடிப்புகளை நிரப்பி, நிறம் கலந்து தெளித்து, மேற்பூச்சு கொடுத்தால் இருக்கை புது வாழ்வு பெறும். நிறம் கலந்து தெளிப்பது தோல் பதனிடும் டேனரியின் ஃபினிஷிங் பிரிவில் அன்றாட வேலை.

துடைப்பதிலும் கவனம் தேவை. பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. துணி துவைக்கும் சோப்பின் காரம் அதற்கு ஆகாது. பூச்சுள்ள தோலுக்குள் தேங்காயெண்ணெய் இறங்காது. மேலே ஒட்டித் தூசியைப் பிடித்து, கடைசியில் சிக்கு வாடை அடிக்கும். நனைந்த தோலை உச்சிவெயிலில் காயவைத்தால் அது சுருங்கி இறுகும். நிழலில், காற்றோட்டத்தில் மெதுவாக உலர வேண்டும்.

ஆம்பூர்த் தோலை அப்படியே சீட்டுக்குப் போடலாமா?

‘தோல் ஊரிலேயே கிடைக்கிறது, எடுத்துத் தைத்துவிடலாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தோல் என்பது ஒரே பொருள் இல்லை. இந்தப் பகுதியின் பெரும்பங்கு உற்பத்தி ஷூவின் மேற்புறத்துக்கானது. காலின் வடிவத்துக்கு இழுத்து நிறுத்துவதற்கென்றே அதைத் தயாரிக்கிறார்கள். உடைக்குப் போகும் ஆட்டுத்தோல் நாப்பா அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மெல்லியது. சீட்டில் போட்டால் சீக்கிரம் கிழியும். கார் இருக்கைக்கு ஏற்றது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனமுள்ள மாட்டுத்தோல். ஆயிரக்கணக்கான முறை உரசினாலும் நிறம் போகாமலும், கண்ணாடி வழியே வரும் வெயிலில் மங்காமலும் இருக்கும்படி அதன் பூச்சு அமைந்திருக்க வேண்டும்.

பதனிடும் முறையும் முக்கியம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட ஈஸ்ட் இந்தியா தோல் தமிழ்நாட்டின் பெருமை. கைப்பைக்கும் புத்தக அட்டைக்கும் அருமையான பொருள். ஆனால் தாவரப் பதனிடலில் வந்த தோல், குரோம் உப்பால் பதனிட்ட தோலைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கும். வெயில் பட்டால் கருக்கும். கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் காருக்கு அது பொருந்தாது. அளவும் ஒரு தடை. நம் நாட்டு மாட்டுத்தோல் ஐரோப்பிய மாட்டுத்தோலைவிடச் சிறியது. சீட்டின் அகலமான துண்டுகளைத் தழும்பு இல்லாமல் வெட்டி எடுக்க அதிகத் தோல் தேவைப்படும்.

ஆகவே வாங்கும்போது ‘இது அப்ஹோல்ஸ்டரி தோலா?’ என்று நேராகக் கேட்க வேண்டும். கியர் உறைக்கு மெல்லிய ஆட்டுத்தோல் போதும். ஸ்டியரிங்கிற்கு உறுதியான மாட்டுத்தோல் வேண்டும். சீட்டின் நடுப்பகுதிக்கும் உரசும் ஓரத்துக்கும் மட்டும் தோல் போட்டு, முதுகுப்புறத்துக்கு நல்ல ரெக்சின் போடுவது கௌரவக் குறைச்சல் ஆகாது. பெரிய கார் நிறுவனங்களே அப்படித்தான் செய்கின்றன.

பொருளைவிடப் பெரியது கை

இந்தப் பகுதி கார் மராமத்துக்குத் தரக்கூடிய பெரிய செல்வம் இங்குள்ள கைத்திறன். ஷூ தொழிற்சாலைகளில் கட்டிங், ஸ்கைவிங் (ஓரம் செதுக்குதல்), ஃபோல்டிங், ஸ்டிச்சிங் செய்து பழகியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோலில் ஊசி போட்ட துளை மறையாது. துணியைப் போலப் பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. தையல் மிக நெருக்கமாக விழுந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஓரத்தைச் சரியாகச் செதுக்காவிட்டால் மடிப்பு புடைத்து நிற்கும். சாதாரணக் குஷன் கடையில் இந்த நுணுக்கம் வருவதற்கு ஆண்டுகள் ஆகும். ஷூ அப்பர் தைத்தவரின் விரலில் அது ஏற்கெனவே இருக்கிறது. அமுங்கிய ஃபோமை நிரப்புவது, சட்டத்தில் உறையை இழுத்துக் கட்டுவது, ஈரத்தில் மக்காத பாலியெஸ்டர் நூலைத் தேர்வது போன்றவற்றைக் கூடுதலாகக் கற்றால் போதும்.

பாதுகாப்பும் சட்டமும்

இன்றைய சீட்டுக்குள் பஞ்சும் கம்பியும் மட்டும் இல்லை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில், அது வெடித்து வெளிவர ஒரு குறிப்பிட்ட தையலைத் தயாரிப்பாளரே பலவீனமாக அமைத்திருப்பார். அந்த இடத்தைக் கெட்டியாகத் தைத்தாலோ கவர் போட்டு மூடினாலோ விபத்தில் ஏர்பேக் பயன்படாது. கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் உள்ள காரில் பில்லர் அட்டையைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாத கடையில் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

சன்ரூஃப் இல்லாத காரின் கூரையை வெட்டிப் புதிதாகப் பொருத்துவது வேறு விஷயம். வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. கூரையின் வலு குறைவதால் உயிருக்கும் ஆபத்து. இருப்பதைப் பழுதுபார்ப்பதற்கு இந்தத் தடை இல்லை.

செலவைத் தீர்மானிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். எஞ்சினும் அடித்தகடும் நன்றாக இருக்கும் பத்து வயது காருக்கு உட்புறத்தில் போடும் பணம் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். அடித்தகடு துருவில் ஓட்டையாகிவிட்ட காருக்குத் தோல் போடுவது வீண்செலவு.

பாலாறு கொடுத்த விலை

தோலைப் பற்றிப் பேசிவிட்டுப் பாலாற்றைப் பேசாமல் விடக் கூடாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதிசெய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், டேனரிகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. கிணறுகள் கெட்டன, உழவர் நிலத்தை விட்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு தர வேண்டியிருந்தது. காயம் இன்னும் ஆறவில்லை.

இவ்வளவு தண்ணீரும் மண்ணும் கொடுத்து உருவான தோலை, பூச்சு தேய்ந்த ஒரே காரணத்துக்காகக் கிழித்துக் குப்பையில் போடுவது நியாயம் ஆகாது. நிறமேற்றிக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்ற வேண்டும். முடியாத துண்டை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதும் புதுத்தோல் என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

உரிமையாளர்களுக்கு வரிசை இதுதான்: டம்ளர் தண்ணீர்ச் சோதனை, வடிகால் சுத்தம், தேவையானால் பீடிங், பிறகு விரிப்பைத் தூக்கி உலர்த்தல், ஒரு மழைக்காலம் ஒழுகாமல் கடந்த பின் கூரை லைனிங், கடைசியில் சீட். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் புதுத்தோல் போட்ட காரில் அடுத்த மழைக்கே பூஞ்சை பிடிக்கும். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, வேப்பம்பூ கொட்டி முடிந்த பின்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், வடிகாலைப் பார்த்துவிட்டால் போதும்.

தோல் தொழிலில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஷூ தைத்துப் பழகியவர்களுக்குக் கார் இருக்கை மராமத்தில் குறுகியகாலப் பயிற்சி தர முன்வர வேண்டும். டேனரி உரிமையாளர்கள் தரம் குறித்த அப்ஹோல்ஸ்டரி தோலை, ஏற்றுமதி ஆர்டரின் அளவில் மட்டும் விற்காமல், இரண்டு மூன்று தோலாக உள்ளூர்க் குஷன் கடைகளுக்கும் கொடுக்க வேண்டும். உலகத்தின் கால்களுக்கு ஷூ தைக்கும் கைகளுக்குச் சொந்த ஊர்க் கார்களின் இருக்கையைச் சரிசெய்யும் வேலையும் பிழைப்பும் கிடைக்கட்டும்.